பைய என்றால் மெதுவாகவா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு அம்பாசமுத்திரம். வேலை கோயம்புத்தூரில். நான்கு வருஷமாக நம் பக்கத்துச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பைய = மெதுவாக, தொறவா = சாவி, குறுக்கு = முதுகு, கொண்டி = தாழ்ப்பாள், சாரம் = லுங்கி என்று இருநூறு தாண்டிவிட்டது. எல்லாம் சுத்தமான பழந்தமிழ் என்று இங்கே பெருமையாகச் சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு நண்பர், "உங்கள் சாரம் தமிழே இல்லை, மலாய்" என்றார். அதை நோட்டிலிருந்து அடித்துவிடலாமா?

அன்புள்ள தம்பி,

அடிக்க வேண்டாம். நண்பர் சொன்னது சரிதான். மலாயில் சாரோங் என்றால் உறை. கடல் வழியாக வந்த சொல், இலங்கையிலும் சாரம்தான். ஆனால் நம் அப்பாமார் அதை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார்கள், அதைப் போர்த்திக்கொண்டு கோயில் கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் அது எப்படி நம் சொல் இல்லாமல் போகும்?

பூர்வீகம் பார்த்து அடிக்கத் தொடங்கினால், தொறவாவுக்கு எதிரே எழுதியிருக்கிறீர்களே சாவி, அதையும் அடிக்க வேண்டியிருக்கும். அது போர்ச்சுகீசியம். ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் அப்படி வந்தவைதான். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றீக்கே அடிகளார் பணிசெய்த புன்னைக்காயல், நம் தாமிரபரணி கடலில் சேருகிற இடம். எங்கள் வீட்டில் வாசல் கதவுக்குத் தொறவா, சைக்கிளுக்குச் சாவி. ஒரே கொக்கியில் இரண்டும் தொங்கும். ஆச்சி ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

என்னை உறுத்துவது நீங்கள் போடுகிற அந்தச் சமன் குறிதான்.

பைய என்பதையே எடுத்துக்கொள்வோம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறவளைப் பார்த்து, "பைய ஏறு" என்கிறோம். நேரமெடுத்து ஏறு என்றா சொல்கிறோம்? தளும்பாமல் ஏறு என்கிறோம். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் "பையப் போடு" என்றால், முழிக்காமல் போடு என்று அர்த்தம். வேகம் அதில் ஒரு பகுதிதான், மீதியெல்லாம் பதனம். குறளிலும் அப்படித்தான் வருகிறது. "யான்நோக்கப் பசையினள் பைய நகும்" (1098). காதலன் பார்க்கும்போது காதலி நேரமெடுத்துச் சிரிக்கவில்லை. மெல்ல, தனக்குள் அடங்கச் சிரிக்கிறாள். மதுரையில் தாம் தங்கியிருந்த மடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது சம்பந்தர், அந்தத் தீ "பையவே சென்று பாண்டியற்கு ஆகவே" என்று பாடினார். ஏன் பையவே என்பதற்குச் சேக்கிழார் காரணங்கள் சொல்கிறார். அதில் ஒன்று, பாண்டிமாதேவியின் மங்கல நாண் நிலைக்க வேண்டும் என்பது. அதாவது, சுடட்டும், ஆனால் கொன்றுவிட வேண்டாம். படியேறுகிறவளிடம் நாம் சொல்கிற அதே பைய! இதை 'மெதுவாக' என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

குறுக்கு விஷயத்தில் எனக்கே ஓர் அனுபவம். வெளியூரில் ஒரு மருத்துவரிடம் ஆச்சியைக் கூட்டிப்போயிருந்தேன். "குறுக்கு விட்டுப்போச்சுய்யா" என்றாள். அவருக்குப் புரியாது என்று நான் முந்திக்கொண்டு, "முதுகு வலி" என்றேன். அவர் தோள்பட்டைக்குக் கீழே அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஆச்சி கையைப் பின்னால் வளைத்து, இடுப்புக்குச் சற்று மேலே விரல்களை ஊன்றி, "அங்க இல்லய்யா, குறுக்கு, குறுக்கு" என்றாள். அவள் சொன்னது சரியான இடம். நான் மாற்றிச் சொன்னதுதான் தப்பு.

அதனால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதை வைத்து யாராவது பேசிய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அம்மா சொன்னதா, பஸ்ஸில் கேட்டதா, எந்தச் சமயத்தில் என்பதும் இருக்கட்டும். முக்கியமாக வளவு. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடு, எல்லோருக்கும் பொதுவாய் ஒரு கிணறு என்று இருந்தவை இடிந்துகொண்டே வருகின்றன. அங்கே குடியிருந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம், அதற்கு அகராதிகள் இருக்கின்றன. வாக்கியத்துக்கு ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

எனக்கும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரித்தால், "ஒரே வேசடையா இருக்கு" என்பார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் வேசடையை எதற்கெல்லாம் சொல்கிறீர்கள்? அம்மாவிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள்.