காது மடிந்த, கால் குட்டையான பூனைக்குட்டி: வாங்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், பூனைக்குட்டி வேண்டும் என்கிறாள். இன்ஸ்டாகிராமில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ‘ஸ்காட்டிஷ் கில்ட்’ என்று புது இனம் விற்கிறார். காது மடிந்து, கால் குட்டையாக இருக்கிறது. வீடியோவில் காலை நீட்டி மனுசர் மாதிரி உட்காருகிறது. விலை 70,000, பாதி அட்வான்ஸ். தாய், தகப்பன் இரண்டுக்குமே காது மடிந்திருக்கும், அதனால் ஒரிஜினல் என்கிறார். வம்சாவளிச் சான்றிதழும் உண்டாம். என் மாமியார், “கால் விளங்காத குட்டிக்கா இம்புட்டுக் காசு?” என்கிறார். வாங்கலாமா? பின்னால் நோய் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி.

நீங்கள் பார்த்தது இரண்டு மரபணுக் கோளாறுகளை ஒரே குட்டியில் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. காது ‘ஸ்காட்டிஷ் ஃபோல்டு’ பூனையிடமிருந்து வந்தது. 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் இருந்த சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து தொடங்கும் வம்சம் அது. டிஆர்பிவி4 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் குருத்தெலும்பு சரியாக உருவாவதில்லை. காது மடிவது அதனால்தான். ஆனால் குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கணுக்கால், மணிக்கட்டு, வால் எங்கும் இருக்கிறது. அங்கெல்லாம் எலும்பு தடித்து, மூட்டு இறுகி வலிக்கும். சில பூனைகளுக்குச் சீக்கிரமே கடுமையாகும், சிலவற்றுக்கு மெல்ல வரும். காது மடிந்து, மூட்டு மட்டும் முழு நலமாக இருக்கும் குட்டியைத் தேர்ந்தெடுத்து வாங்க வழியே இல்லை. வீடியோவில் காலை நீட்டி உட்காருவதைச் சேட்டை என்று நினைக்க வேண்டாம். மூட்டு வலிக்கும் பூனைகள் அப்படி உட்காருவது உண்டு.

விற்பவர் பெருமையாகச் சொன்ன விஷயத்தைக் கேட்டுத்தான் எனக்குப் பதறுகிறது. காது மடிந்த இரண்டைச் சேர்த்தால், குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்துவிடும். அப்படிப்பட்ட குட்டிக்கு ஏழு வார வயதிலேயே எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்திருக்கிறது. வளர வளர நடக்கவே திணறும். இதனால்தான் இந்த இனத்தை வளர்ப்பவர்களே மடிந்த காதை நேர்க்காதுப் பூனையோடுதான் சேர்ப்பார்கள். “இரண்டுமே மடிந்த காது” என்று விளம்பரம் செய்கிறவருக்கு இந்த அடிப்படை தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலை இல்லை. இன்னொன்று: இந்தக் குட்டிகள் நேர்க்காதோடுதான் பிறக்கும், மூன்று வார வாக்கில்தான் காது மடியும். பிறந்த சில நாள் குட்டியைக் காட்டி, இதற்குக் காது மடியும் என்று அட்வான்ஸ் கேட்டால் அது வெறும் ஊகம்.

குட்டைக் கால் ‘மஞ்ச்கின்’ என்ற பூனை இனத்தின் வழி வந்தது. காலைக் குட்டையாக்கும் மரபணு இரு பக்கமிருந்தும் வந்தால் குட்டி கருவிலேயே இறந்துவிடும். ஒரு பக்கமிருந்து வந்து பிழைப்பவற்றுக்கும் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும்.

சரி, சான்றிதழ்? வம்சாவளிச் சான்றிதழ் பெற்றோர் யார் என்று சொல்லும், உடல்நலத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பான ஜிசிசிஎஃப் 1970களின் தொடக்கத்திலேயே ஃபோல்டு பூனையைப் பதிவதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் 2014இலேயே இனப்பெருக்கத்துக்குத் தடை வந்தது. 2026 ஜனவரியிலிருந்து புதிதாக வைத்திருக்கவும் தடை.

பணம் திரும்பக் கிடைப்பது பற்றி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் பில் இல்லாமல், யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிய பணத்துக்கு வழக்காடுவது பெரும்பாடு. அட்வான்ஸ் ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் திருப்பிக் கேளுங்கள். அவருடைய விளம்பரத்தையும், ‘ஒரிஜினல்’ என்று சொன்ன பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் கணக்கையே மூடிவிட்டால் பிறகு எதுவும் மிஞ்சாது.

மகளுக்கு நாட்டுப் பூனைக்குட்டி ஒன்றை எடுத்துக் கொடுங்கள். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தாழ்வாரம், வளவு, ஓட்டுக்கூரை என்று ஏறி இறங்க ஆயிரம் இடம் உண்டு. கால் நன்றாக உள்ள குட்டிதான் அதில் சந்தோஷமாக இருக்கும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை எல்லாம் சேர்த்தாலும் அந்த 70,000 பக்கத்தில்கூட வராது.

இந்த மாதிரிப் பூனையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதைப் படிப்பார்கள். அதைக் கைவிடாதீர்கள், குட்டி போடவும் விடாதீர்கள். வால் விறைத்திருந்தால், தாவத் தயங்கினால், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகில் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவரிடமோ காட்டுங்கள். எடை ஏற விடாதீர்கள். அது மலம் கழிக்கும் மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.