ஆட்டோக்காரர் காட்டும் 'மேல் அருவி'க்குப் போகலாமா?

கேள்வி: ஆடி மாதம் குடும்பத்தோடு குற்றாலம் போகிறோம். எட்டு வயதில் மகன் இருக்கிறான். மாமனாருக்கு 68 வயது, ஸ்டென்ட் வைத்தவர். போன வருடம் போனபோது எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. ஓர் ஆட்டோக்காரர், "மேலே ஒரு அருவி இருக்கு, கூட்டமே கிடையாது, தலைக்கு முந்நூறு கொடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பயமாக இருந்ததால் போகவில்லை. இந்த முறையும் தடை என்றால் அப்படிப் போகலாமா? கணவருக்கு நன்றாக நீச்சல் தெரியும். (ஒரு வாசகி, திருச்சி)

பதில் சொல்பவர்: மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அலுவலர்.

போகாதீர்கள் அம்மா. போன வருடம் நீங்கள் பயந்து திரும்பியதுதான் சரி. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்த வருடமும் அதே ஆள் அதே இடத்தில்தான் நிற்பார், உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் "போய்த்தான் பார்ப்போமே" என்பார்.

தடை என்றதும் போலீஸ்காரர் வேண்டுமென்றே மறிக்கிறார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழும், அவ்வளவுதான். ஆனால் குற்றாலத்தில் நீங்கள் நிற்கிற இடத்து வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மழை பெய்வது மேலே, திரிகூட மலைக் காட்டுக்குள். அங்கே பிறக்கிற சிற்றாறு கொஞ்ச தூரத்திலேயே செங்குத்தாக இறங்கிவிடுகிறது. நடுவில் தண்ணீரைப் பிடித்து நிறுத்த அணை கிடையாது. மலையில் பலமாக ஒரு மழை பிடித்தால், கீழே தலை துவட்டிக்கொண்டிருப்பவருக்குச் செய்தி வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

ஒகேனக்கல்லில் நிலைமை வேறு. கர்நாடக அணைகளில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது முதலிலேயே தெரிந்துவிடும், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளந்து பார்த்து, பரிசல் ஓட்டலாமா கூடாதா என்று சொல்ல நேரம் இருக்கும். குற்றாலத்தில் அந்த அவகாசம் இல்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நீங்கள் வாட்ஸ்ஆப்பில் பார்த்திருப்பீர்கள். சீசன் ஆரம்பிக்கவே இல்லை, அது கோடை மழை. திடீரென்று வெள்ளம் புரண்டு வந்தது, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

இப்போது ஆட்டோக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன 'மேல் அருவி' எது? ஊருக்குள் இருக்கிற முக்கிய அருவியான பேரருவிக்கு மேலே மலையில் இருப்பவை செண்பகாதேவி அருவியும், அதற்கும் மேலே தேனருவியும். இரண்டும் அதே சிற்றாறுதான். வெள்ளம் வருகிறது என்று கீழே தடை போட்டிருக்கிறார்கள், அவர் உங்களை அந்த வெள்ளம் வருகிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார், அதுவும் தலைக்கு முந்நூறு வாங்கிக்கொண்டு! கீழேயாவது கைப்பிடிக் கம்பி இருக்கிறது, விசில் ஊத ஆள் இருக்கிறார். மேலே பாறையும் பாசியும்தான். போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 112-ஐ அழைக்க முடிந்தாலும், ஸ்ட்ரெச்சரோடு அந்தப் பாதையில் ஏறி இறங்குவது என்ன பாடு என்று எங்களைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம். மாட்டினால் அபராதம் உங்களுக்குத்தான். வனக் காவலர் தலை தெரிந்ததும், கூட்டிக்கொண்டு போனவர் ஆட்டோவைத் திருப்பியிருப்பார்.

'பழத்தோட்ட அருவிக்கு உள்ளே விட ஆள் இருக்கு' என்பது இரண்டாவது ரகம். அது ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறைப் பண்ணைக்குள் இருக்கிறது. ஊரில் வி.ஐ.பி. அருவி என்பார்கள், பொதுமக்களை விடுவதில்லை. யார் யாரோ கார் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் குளித்துவிட்டு வருவதைப் பார்க்கிற சாதாரண மனுஷனுக்கு, நமக்கும் ஒரு புரோக்கர் கிடைத்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். அந்த ஆசையை வளர்த்து விட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே மழை நாளில் அந்த அருவியும் அதே மாதிரிதான் பொங்கும். வி.ஐ.பி.க்கு என்று மலை தனியாகத் தண்ணீர் அனுப்புவதில்லை.

மூன்றாவது ரகம்தான் இப்போது ஜாஸ்தி. "காட்டுக்குள்ள எல்லாம் வேண்டாம் சார், ஒரு ரிசார்ட்ல தனி ஃபால்ஸ் இருக்கு, ஃபேமிலி மட்டும்தான்." கேட்க நன்றாக இருக்கும். இயற்கையாக வருகிற ஓடையைத் திருப்பி, பாறை மாதிரி சிமென்ட் பூசி, அருவி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இப்படி இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் விடுதிகளைக் கண்டுபிடித்து மூடச் சொன்னது. அப்புறமும் ஆட்டோக்காரர் கையில் கார்டு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஆய்வுக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே போன் போட்டுவிட்டுப் போனால் வேறு என்ன நடக்கும். இங்கே வெள்ளப் பயம் குறைவு என்று நினைக்காதீர்கள். ஓடையில் தண்ணீர் ஏறினால், தடை போட்டு உங்களை வெளியேற்ற ஆள் கிடையாது. தடை போட்டால் வியாபாரம் போய்விடும். ஓடாமல் தொட்டியில் நாள்கணக்கில் நின்ற தண்ணீர் என்றால் பையனுக்கு வேறு தொல்லையும் வரும். மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்குகிற அமீபாவைப் பற்றிக் கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது மிகவும் அபூர்வம்தான். ஆனால் அதற்குப் பிடித்த இடம் இந்த மாதிரித் தேங்கிய, வெதுவெதுப்பான தண்ணீர்.

சரி, தடை இல்லை, எல்லா அருவியும் திறந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கண்ணைத் திறந்து வையுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது, ஆர்ச் என்பார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி வந்து விழுந்தால், விசில் ஊதினாலும் ஊதாவிட்டாலும் நீங்களாகவே வெளியே வந்துவிடுங்கள். ஐந்தருவியில் ஐந்து கிளையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே திரையாகிவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. எந்த அருவியாக இருந்தாலும், தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் கூடவே வருவது, இரைச்சல் கனமாவது, இதில் ஒன்றைக் கண்டாலும் அந்த நொடியே கிளம்புங்கள். தண்ணீர் ஓடுகிற போக்கில் கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஏறுங்கள். செருப்பு, செல்போன், துண்டு எதற்காகவும் திரும்பாதீர்கள்.

இந்த அறிகுறிகளை உங்களையே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு அருவி பேரூராட்சி கையில், இன்னொன்று ஊராட்சி கையில், மேலே உள்ள காடு வனத்துறை கையில், கீழே கூட்டத்தைப் பார்ப்பது போலீஸ். மலையில் மழை பிடித்தால் அங்கே இருப்பவர் கீழே இருப்பவருக்கு நேராகச் சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோது கூட்டத்துக்குக் கூட்டம் பேசினோம். டீ வரும், பிஸ்கட் வரும், குறிப்பு எழுதிக்கொள்வார்கள். அடுத்த கூட்டத்தில் அதே குறிப்பை வாசிப்பார்கள். ஒரு உயிர் போன பிறகுதான் ஃபைல் நகர்கிறது.

உங்கள் கணவரின் நீச்சலைப் பற்றி. அருவியில் அது பெரிதாக உதவாது. கிணற்றிலும் குளத்திலும் நிற்கிற தண்ணீரில் நீந்திப் பழகியவருக்கு, ஓடுகிற தண்ணீர் வேறு ஜாதி. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும், முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. தெளிந்த தண்ணீரில் நாலடி ஆழம் மூன்றடி போலத்தான் கண்ணுக்குத் தெரியும். இடுப்பளவு என்று பையனை இறக்கி விட்டால் அவனுக்கு அது கழுத்தைத் தாண்டிவிடும். தலைகீழாகக் குதிப்பது எந்த அருவித் தடாகத்திலும் வேண்டவே வேண்டாம். அடியில் இருக்கிற பாறை கழுத்தெலும்பை முறித்தால் மிச்ச வாழ்க்கை படுக்கையில்தான். ஒருவேளை இழுத்துக்கொண்டு போனால், காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கக் கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால் முன்னால் போகும்படி மிதந்து, ஓரமாக ஒதுங்கிக் கரையேற வேண்டும்.

நீச்சல் தெரிந்தவர்கள் சாவது பெரும்பாலும் காப்பாற்றப் போய்த்தான். பையன் வழுக்குவான், அப்பா பாய்வார், சித்தப்பா பின்னாலேயே பாய்வார். அதனால் நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: இன்னொருவரைக் காப்பாற்றத் தண்ணீரில் இறங்காதே. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு உயிரை விட்டவர்கள் இருப்பதால் நிறுத்திச் சொல்கிறேன்.

பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டும் தூரம் என்றால், நீங்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் எட்டுவது. 'ரெண்டே எட்டு' என்பது இதில் சேராது. உங்கள் இன்னொரு கை ஆடாத ஒன்றை, அதாவது கம்பியையோ கட்டுமானத்தையோ பிடித்திருக்க வேண்டும். மரக்கிளை, செடி, வேர் எதுவும் கணக்கில் வராது. பக்கத்து ஆளின் கையைப் பிடிப்பதாக இருந்தால் அவர் காய்ந்த தரையில் நிற்க வேண்டும், அவரும் ஒரு கம்பியைப் பிடித்திருக்க வேண்டும், ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றியிருக்க வேண்டும். விரலோடு விரல் கோத்தால் ஈரத்தில் வழுக்கும். நீங்கள் நின்றுகொண்டு நீட்டக் கூடாது, குத்துக்காலிட்டோ படுத்தோ நீட்ட வேண்டும். இத்தனையும் இருந்தால் கையை நீட்டலாம். ஒன்று குறைந்தாலும் துணியை வீசுங்கள். புடவை 5 மீட்டருக்கு மேல் நீளம், அதைவிட நல்ல கயிறு அவசரத்துக்குக் கிடைக்காது. வெறும் துணியை வீசினால் காலடியிலேயே விழும். பாதி தண்ணீர் உள்ள ஒரு லிட்டர் பாட்டிலை முந்தானையில் முடிந்து, அந்த முனையை வீசுங்கள். அது பறக்கும், மிதக்கவும் செய்யும். மறுமுனையைக் கையில் பிடியுங்கள், இடுப்பில் கட்டிக்கொள்ளவே கூடாது. இழுவை தாங்காவிட்டால் விட்டுவிட முடிய வேண்டும். கல்மனசு என்று திட்டுவார்கள், திட்டட்டும்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போலக் கத்த மாட்டார். மூச்சு விடவே வாய் போதாதபோது குரல் எங்கே வரும்? சத்தம் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் பையனை யாராவது ஒரு பெரியவர், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முறை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மாமனார் குளிக்கலாமா என்பதை அவருடைய இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். மேலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு தலையில் பட்டாலும் அவருக்கு அது பெரிய விஷயம். டாக்டர் சரி என்றாலும் நடு அருவியில் நிறுத்தாமல், ஓரத்தில் மெல்லிய தாரையில், கம்பியைப் பிடித்தபடி நிற்கட்டும். மசாஜ்காரர் எண்ணெயோடு வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியே பல வருடம் ஆகிறது. எண்ணெய்க் காலோடு ஈரப் பாறையில் நடக்கிற வயதானவரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிடுவதானால் குளித்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரூம். ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள்தான் புரோக்கரிடம் விழுகிறார்கள், இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்ற ஆற்றாமை. இரண்டு இரவு தங்குகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். ரோட்டில் மறிப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காமல் விடுதிக்கே போன் செய்து பேசுங்கள். மேலே மழை விட்டால் குற்றாலத்தில் தண்ணீர் சீக்கிரம் வடியும், ராத்திரி போட்ட தடையை மறுநாள் காலையிலோ மதியமோ எடுப்பது சகஜம். அதுவரை குற்றாலநாதர் கோயில், சித்திர சபை, இலஞ்சி முருகன், பண்பொழித் திருமலை எல்லாம் கிட்டத்தில்தான். அங்கே போக அதே ஆட்டோவைக் கூப்பிடுங்கள், முந்நூறைத் தாராளமாகக் கொடுக்கலாம்.