மும்பை மாரத்தானும் ஃபேமிலி டூரும் ஒண்ணா: லோன் போட்டுப் போலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு ஊரு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம், வயசு 36, சொந்தமா மினி லாரி வச்சு மீன் லோடு அடிக்கிறேன். சீசன்ல டீசல் போக மாசம் 40,000 நிக்கும், மீன்பிடித் தடைக்காலத்துல 12,000 வந்தாலே பெருசு. வீட்டுச் செலவு 20,000. வண்டி ட்யூ 11,500, அது அடுத்த ஜூனோட முடியுது. வீட்டுல தையல் வேலை பாக்குறாங்க, அந்தக் காசு புள்ளைக படிப்புக்கே சரியாப் போயிடும் (பொண்ணுக்கு 9, பையனுக்கு 6). ஜனவரியில கைல 60,000 இருக்கும். மார்ச்ல வண்டிக்கு எஃப்சி, இன்சூரன்ஸ் ரெண்டும் சேந்து 28,000 வரும். நகை 5 பவுன் அடகு இல்லாம இருக்கு. விஷயம் என்னன்னா, பாம்பன் பாலத்துல காலையில ஓடிப் பழகுன ஆளு நான், மும்பை மாரத்தான்ல ஹாஃப் (21 கிலோமீட்டர்) ஓட பேர் கொடுத்தேன், கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அங்க கடல் மேல போற சீ லிங்க் பாலத்துல ஓடணும்னு ரொம்ப நாள் ஆசை. அப்படியே ஃபேமிலியையும் கூட்டிட்டுப் போய் ஊரைச் சுத்திக் காட்டலாம்னு பாக்குறேன். நண்பர் ஒருத்தர் ஃப்ளைட், கொலாபால ஹோட்டல் எல்லாம் சேத்து 95,000னு போட்டுக் கொடுத்தாரு. ஒரு ஆப்புல 80,000 லோன், 16% வட்டி, 12 மாசம்னு காட்டுது. டாக்குமென்ட் எல்லாம் அப்லோட் பண்ணிட்டேன், ஓகே மட்டும்தான் கொடுக்கணும். எடுக்கலாமா, இல்ல நகையை வச்சிடவா?

பதில்: தம்பி, ரெண்டுமே வேணாம். ஆனா ரேஸை விட வேணாம், நீங்க மட்டும் போயிட்டு வாங்க. ஃபேமிலியை அதுக்கு அடுத்த ஜனவரியில கூட்டிட்டுப் போங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த லோனைப் பாப்போம். 80,000, 16%, 12 மாசம்னா மாசம் 7,258 வரும். மொத்த வட்டி 7,100 கிட்ட, ப்ராசஸிங் ஃபீஸ் தனி. கேக்க பெருசா தெரியாது, அதனாலதான் எல்லாரும் விழுறாங்க. ஆனா மும்பை முடிஞ்சு மூணே மாசத்துல ஏப்ரல் 15 வந்துடும், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, உங்க வண்டிக்கு லோடும் இருக்காது. அந்த ரெண்டு மாசத்துல வீட்டுக்கு 20,000, ட்யூ 11,500, வர்றது 12,000, அப்ப மாசம் 19,500 துண்டு விழுது. இதுவே 39,000 ஆச்சு. இதுக்கு மேல இந்த 7,258ஐயும் ஏத்தினா துண்டு மாசம் 26,758, ரெண்டு மாசத்துக்கு 53,500. எங்க இருந்து கொண்டு வருவீங்க? சீசன்லயும் ஒண்ணும் பெருசா மிச்சம் இல்ல, ட்யூவும் வீட்டுச் செலவும் போக உங்க கைல நிக்கிறது 8,500தான், அதுலயும் 7,258 ஆப்புக்காரனுக்கே போயிடும்.

இதுல 40,000ங்கிற வருமானத்தையே நான் முழுசா நம்பல, கோவிச்சுக்காதீங்க. நம்ம பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகுது, நடுவுல புயல் எச்சரிக்கை, கைது, ஸ்டிரைக்னு வந்தா அந்த வாரம் அப்படியே போச்சு. வாரம் போனாலும் பேங்க்காரன் ட்யூ தேதியைத் தள்ளி வைக்கப் போறதில்ல.

அடுத்து நகை. வட்டி பர்சனல் லோனை விட கம்மிதானேன்னு கேப்பீங்க, உண்மைதான். ஆனா உங்களை மாதிரி கடலை நம்பி இருக்குற வீட்டுல அந்த 5 பவுன் எதுக்கு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். மே மாசம் வண்டி இன்ஜின் வேலை வச்சாலோ வீட்டுல யாருக்காவது ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ அன்னைக்கு வைக்கத்தான். ஜனவரியில மும்பைக்காக வச்சிட்டா மே மாசம் வைக்க கைல ஒண்ணும் இருக்காது, அப்புறம் கந்து வட்டிதான். நகையைத் தொடாதீங்க, பேச்சுக்குக்கூட எடுக்காதீங்க.

இப்ப உங்க 60,000. இது உங்களுக்கு மும்பை காசா தெரியுது, எனக்கு அப்படித் தெரியல. ஜனவரிக்கு அப்புறம் தடைக்காலம் வர்றதுக்குள்ள மூணு மாசம் 8,500 சேந்தா 25,500, மொத்தம் 85,500. அதுல தடைக்காலத் துண்டு 39,000, எஃப்சி இன்சூரன்ஸ் 28,000 போனா மிச்சம் 18,500. நீங்க தாராளமா செலவு பண்ணிக்கக்கூடிய காசு அதுதான், 95,000 எங்க, இது எங்க? இந்த 18,500ல நாலு பேர் போக முடியாது, ஒருத்தர் நல்லாவே போயிட்டு வரலாம்.

கட்டின என்ட்ரி ஃபீஸ் திரும்ப வராது, அதனால ‘கட்டினது வீணாப் போயிடக் கூடாது’ன்னு ஒரு எண்ணம் உள்ளுக்குள்ள ஓடும். இந்த டூர்லயே சின்ன செலவு அதுதான், அதைக் காப்பாத்தப் போய் 95,000 விடாதீங்க. ஆனா 18,000க்குள்ள போக வழி இருக்குறப்ப ஆசையையும் விட வேணாம். சீ லிங்க் 2009ல திறந்த பாலம், 5.6 கிலோமீட்டர், சாதாரண நாள்ல நடந்தோ பைக்லயோ போக விட மாட்டாங்க, கால் வச்சு ஓடணும்னா இந்த மாதிரி ரேஸ்தான் வழி. அதுக்கு ஒருத்தர் 18,000 செலவு பண்றதை வீண் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன்.

எப்படிப் போறதுன்னு பாப்போம். இந்த ரேஸ் ஜனவரி மூணாவது ஞாயிறு, அதாவது எப்பவுமே பொங்கலை ஒட்டித்தான் வரும். ஃப்ளைட் காரன் அந்த வாரம் என்ன விலை சொல்வான்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. ட்ரெயின்ல நாகர்கோவில்ல இருந்து மதுரை வழியா மும்பை போற எக்ஸ்பிரஸ் இருக்கு, தினமும் கிடையாது, கிழமை பாத்துப் புக் பண்ணுங்க. இப்ப ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது (2024 நவம்பர்ல இருந்து இப்படித்தான்), அப்ப நவம்பர் நடுவுல காலையில 8 மணிக்கே உக்காந்துடணும். தர்ட் ஏசி போக வர 4,000த்தைச் சுத்தி ஆகும். பிப், அதாவது நெஞ்சுல குத்திக்கிற நம்பர் சீட்டு, ரேஸ் அன்னைக்குக் காலையில கொடுக்க மாட்டாங்க, அதுக்கு முந்தின நாள்களுக்குள்ள எக்ஸ்போல போய் வாங்கிடணும், அதனால வெள்ளிக்கிழமை ராத்திரியே மும்பையில இருக்குற மாதிரி டிக்கெட் போடுங்க, சனிக்கிழமையை நம்பி ட்ரெயின் லேட் ஆனா ரேஸே போச்சு.

தங்குறதுக்கு கொலாபா எதுக்கு? ஹாஃப் ஆரம்பிக்கிறது மாஹிம் பக்கம், முடியிறது சிஎஸ்எம்டி ஸ்டேஷன் கிட்ட. மாட்டுங்கா, தாதர் பக்கம் சாதாரண லாட்ஜ் பாருங்க, மாஹிம் பக்கத்துலயே இருக்கு, ரூமும் கொலாபா விலை இருக்காது. அதோட மாட்டுங்கா நம்மாளுக நெறைய இருக்குற ஏரியா, ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரி தெரியாத சாப்பாட்டைச் சாப்பிட்டு வயித்தைக் கெடுத்துக்க வேணாம், இட்லியே கிடைக்கும். மூணு ராத்திரி ரூம், சாப்பாடு, லோக்கல் ட்ரெயின், மதுரை வரைக்கும் பஸ்ஸு எல்லாம் சேத்து 10,000, 11,000ல முடிச்சிடலாம்.

உங்க நண்பர் போட்ட 95,000ல ஒரு செலவு எழுதவே இல்ல, வண்டி நிக்கிற நாள். பொங்கலுக்கு எப்படியும் படகு போகாது, அது போக ரெண்டு மூணு லோடு கை விட்டுப் போயிடும். ஆக்டிங் டிரைவர் போட்டீங்கன்னா அவர் சம்பளம் போக கொஞ்சமாவது நிக்கும், இல்லாட்டி ரெகுலர் பார்ட்டி வேற வண்டிக்குப் போயிடுவான், அது 18,000த்தை விடப் பெரிய நஷ்டம்.

இப்ப வீட்டுக்காரம்மா. ‘நீங்க மட்டும் போறீங்களா’ன்னு கேப்பாங்க, கேக்கத்தான் செய்வாங்க. இந்தக் கணக்கை அப்படியே பேப்பர்ல எழுதிக் காட்டுங்க, கூடவே இதையும் சொல்லுங்க: ஜூன்ல வண்டி ட்யூ முடியுது. ஜூலை 5ஆம் தேதி, ட்யூ போய்க்கிட்டு இருந்த அதே பேங்க் அக்கவுன்ட்ல 7,000 ரூபாய்க்கு 6 மாச ஆர்டி போடுங்க, மீதி 4,500 தடைக்காலத்துக்கு. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி வேணாம், அது 5 வருஷம். மாசாமாசம் கட்டியே பழகிட்டீங்க, கை விட்டுப் போனது தெரியாது. ஜனவரி 5க்கு 42,000 வட்டியோட கைக்கு வந்துடும், நாலு பேரும் ட்ரெயின்லயே போயிட்டு வர அது போதும். ட்ரெயின் டிக்கெட்டை மட்டும் நவம்பர்ல கைக்காசுல போட்டு அப்புறம் எடுத்துக்கணும். பசங்க ரெண்டு பேருக்கும் தனி பெர்த் கேட்டா முழு டிக்கெட்தான், பெர்த் இல்லாட்டி அரை டிக்கெட். ஒன்றரை நாள் கிட்ட உக்காந்து போக விட்டுடாதீங்க, பெர்த்தே போடுங்க.

ஃபேமிலியோட போற அந்த வருஷமும் ரேஸ் ஓடுறதா இருந்தா, அதை முதல்ல முடிச்சிட்டு ஊரைச் சுத்துங்க. முதல்ல சுத்தினா காலும் போகும் காசும் போகும். ஒண்ணு கவனிங்க, ரேஸுக்கு மறுநாள் திங்கக்கிழமை, படகுல போய்ப் பாக்குற எலிஃபன்டா குகை திங்கக்கிழமை லீவு. திறந்திருந்தாலும் 21 கிலோமீட்டர் ஓடின மறுநாள் அந்தப் படியெல்லாம் ஏறி இறங்க உங்களால முடியாது, அதோட மண்டபத்துப் புள்ளைகளுக்கு மும்பை போய்ப் படகு சவாரியா காட்டுவீங்க? அண்டர்கிரவுண்ட் மெட்ரோல ஏத்துங்க, 2025 அக்டோபர்ல இருந்து கஃப் பரேட் வரைக்கும் ஓடுது, நாள் முழுக்கப் பேசுவாங்க, செலவும் கம்மி.

ஆப் விஷயம் இன்னைக்கே முடிங்க. ஓகே கொடுக்கலன்னா அப்படியே கேன்சல் பண்ணிட்டு, ஃபோன்ல அந்த ஆப்புக்குக் கொடுத்த கான்டாக்ட், கேமரா பெர்மிஷனை எல்லாம் எடுத்துடுங்க. இதுக்குள்ள தெரியாம ஓகே கொடுத்து காசு அக்கவுன்ட்ல விழுந்திருந்தா பதற வேணாம், ஆர்பிஐ விதிப்படி டிஜிட்டல் லோனுக்கு கூலிங் ஆஃப்னு ஒரு டைம் உண்டு, ஒரு நாளாவது கொடுத்தாகணும். அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கட்டிட்டா முன்கூட்டியே அடைச்சதுக்கு அபராதம் கேக்க முடியாது, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் பிடிக்கலாம். லோன் பேப்பர்ல அந்த டைம் எத்தனை நாள்னு போட்டிருக்கும், அதை முதல்ல தேடிப் பாருங்க.