முதலில் பிரேக், அப்புறம் பெயின்ட்: பழைய ஜப்பான் கார் கேள்வி பதில்

பழைய ஜப்பான் கார்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். நான் பட்டறை நடத்துபவன் இல்லை. இருபது வருடமாகச் சொந்த ஷெட்டில் ஒரு கரோலா, ஒரு டாட்சன், ஒரு ரோட்ஸ்டர் என்று கையைக் கறுப்பாக்கிக்கொண்டவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கேள்வி: அண்ணா, எழுபதுகளின் நிசான் ஃபேர்லேடி இசட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்ஜின் அருமையாக ஓடுகிறது, பெயின்ட் பளபளக்கிறது. வாங்கலாமா?

பெயின்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். என்ஜினைப் பார்க்கும் முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். 1969இல் வந்த அந்த எஸ்30 (முதல் இசட்டின் குறியீடு) உடம்பில் பேட்டரித் தட்டுதான் முதல் வியாதி. அமிலம் சொட்டித் தட்டை அரித்துவிட்டு, நேரே கீழே இருக்கும் சேஸி சட்டத்தில் இறங்கும். மேலே சின்ன ஓட்டை தெரிந்தால் கீழே பெரிய ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு காந்தம். பின்சக்கர வளைவு, கதவுக்கு அடியில் ஓடும் சில், பின்கதவின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் பேரத்தைத் திரும்ப ஆரம்பியுங்கள்.

என்ஜின் போனால் லேத்தில் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) மீட்டுவிடலாம். உடம்பு போனால் வெட்டி ஒட்டி, அளவு பார்த்து, மறுபடி வெட்டி... அது வேறு கதை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஓடாத என்ஜினும் துரு இல்லாத உடம்பும் உள்ள காரை எடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக நின்ற கரோலா, 3கே என்ஜின். புது பேட்டரி போட்டு நேரே ஸ்டார்ட் செய்யலாமா?

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு நாள் பொறுங்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் முன்பக்க புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். மென்மையாகச் சுற்ற வேண்டும். எங்காவது கல்லில் முட்டியது போல நின்றால், அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள். பலத்தைக் காட்டாதீர்கள்.

டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். மோந்து பார்த்தாலே தெரியும். அதை இறக்கிவிட்டு, ரப்பர் ஹோஸ்களையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை மெல்ல மெல்லத் தின்னும். அதனால் எத்தனால் தாங்கும் ஹோஸாகவே வாங்குங்கள். பழைய ஆயிலை மாற்றி, பிளக் போடாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகு பிளக்கைப் போட்டுத் தீ கொடுங்கள். முதல் இரண்டு நிமிடம் புகை வரும். ஊற்றிய ஆயில்தான், பயப்பட வேண்டாம்.

ஓடியதும் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். பிரேக் பார்க்காமல் ஷெட் வாசலைத் தாண்டாதீர்கள். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் மூன்றும் பன்னிரண்டு வருடத்தில் கெட்டிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஃப்ளூயிட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம்தான் சிலிண்டரை உள்ளுக்குள் அரிக்கிறது.

கேள்வி: கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூகூட சேதமில்லாமல் கழற்ற வரவில்லை. எல்லாத் தலையும் வழுக்கிவிட்டது. என் கைதான் சரியில்லையா?

கை சரிதான், ஸ்க்ரூடிரைவர்தான் தப்பு. பழைய ஜப்பான் காரில் இருப்பது பிலிப்ஸ் ஸ்க்ரூ மாதிரித் தெரியும், ஆனால் அது ஜிஸ் எனப்படும் ஜப்பான் தரத்து ஸ்க்ரூ. பிலிப்ஸ் முனையின் பக்கங்கள் சரிவானவை. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். ஜிஸ் முனை பள்ளத்தின் அடிவரை உட்காரும். தலையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், பல ஸ்க்ரூக்களில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் அடையாளம். இது தெரியாமல் முதல் இரண்டு வருடம் நான் நாசமாக்கிய ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறேன்.

சுத்தியலால் தட்டினால் சற்றே திரும்பும் ஜப்பான் ஸ்க்ரூடிரைவர்கள் கிடைக்கின்றன. கதவுப் பூட்டுத் தகட்டின் ஸ்க்ரூவுக்கு அதை மிஞ்சியது இல்லை.

கேள்வி: முன்னால் வைத்திருந்தவர் காரை எந்த அளவுக்குக் கழற்றியிருக்கிறார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

நல்ல கேள்வி. போல்ட் தலைகளைப் பாருங்கள். ஜப்பான் கார்களில் 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நடுவில் ஒரு 13 தலை தெரிந்தால், அது கடையில் வாங்கிப் போட்டது. அந்த இடத்தை யாரோ திறந்திருக்கிறார்கள். ஒரு டாட்சனில் தண்ணீர் பம்ப்பைச் சுற்றி மூன்று 13 தலைகளைப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே துருத் தண்ணீர், சாம்பார் நிறத்தில்.

10 மி.மீ. போல்ட்டில் இன்னொரு வம்பு. ஜப்பான் காரில் மரையின் இடைவெளி பெரும்பாலும் 1.25 மி.மீ., சாதாரணக் கடைகளில் தருவது 1.5. இரண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் இறுகும். இறுகியதை ஸ்பேனரால் மேலும் முடுக்கினால் மரை போச்சு. சக்கர நட்டிலும் இதே கதைதான். டொயோட்டா, ஹோண்டா, மஸ்தா, மிட்சுபிஷி கார்களில் 1.5, நிசான், சுசுகி, சுபாரு கார்களில் 1.25. நண்பரின் காரிலிருந்து நட்டை இரவல் வாங்கும்போது இதை மறந்தால், போவது சக்கரம்.

ஆயில் பிரஷர் மீட்டர் பொருத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பான் என்ஜின் பிளாக்கில் சென்சாரை முடுக்கும் ஓட்டைக்கு அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க மீட்டரின் சென்சாரில் 27. டேப் சுற்றி அமுக்கிவிடலாம் என்பார்கள். அடாப்டர் வாங்குங்கள்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் ஒரு நொடி தூங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றவா?

கார்புரேட்டர் மேல் பழி போடுவது சுலபம். முதலில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள்: உள்ளே பாயின்ட் இடைவெளி (கே வரிசை என்ஜினுக்கு 0.45 மி.மீ.), தீப்பொறி விழும் நேரமான டைமிங், அதில் மாட்டியிருக்கும் வாக்யூம் குழாய். அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். இழுவை நிற்காமல் காற்று வந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அடுத்து, கார்புரேட்டரின் கண்ணாடி ஜன்னல் வழியாக பெட்ரோல் மட்டம் தெரியும். என்ஜின் ஓடும்போது மட்டம் குறியில் நிற்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், என்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஆக்சிலரேட்டரை ஒரு முறை இழுங்கள். உள்ளே மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லையா? கார்புரேட்டருக்குள் அதைப் பீய்ச்சும் பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்திருக்கும். ரிப்பேர் கிட் போதும், புது கார்புரேட்டர் தேவையில்லை.

கேள்வி: பார்ட்ஸ் கிடைக்குமா கிடைக்காதா என்ற பயத்திலேயே வாங்காமல் இருக்கிறேன்.

எந்தக் கார் என்று சொல்லியிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். பொதுவாக, என்ஜின் சாமான் கிடைக்கும். கிடைக்காதது அழகு சாமான்: கிரில், விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர், உள்பக்க பிளாஸ்டிக். அதனால் அழகு சாமான் முழுமையாக இருக்கும் காரைத் தேடுங்கள்.

தயாரித்த நிறுவனங்களே இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு நிசானின் கிளையான நிஸ்மோ 2017இலிருந்து சாமான்களை மறுபடி செய்கிறது. டொயோட்டா 2020இல் சுப்ராவில் தொடங்கி, பிறகு ஏஇ86 என்ற எண்பதுகளின் கரோலாவுக்கும் வந்தது. முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்காக மஸ்தா அந்தக் காலத்து டயரைக்கூட திரும்ப வார்க்க வைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டொயோட்டாக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பார்ட் நம்பரின் முதல் ஐந்து எண்கள் அது என்ன சாமான் என்று சொல்லும். 04111 என்றால் முழு என்ஜின் கேஸ்கட் செட், 90311 என்றால் ஆயில் சீல். கடைக்காரர் தரும் பெட்டியை உடைக்காமலே பாதி சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: மஸ்தா ஆர்எக்ஸ்-7 மேல் ஆசை. ரோட்டரி என்றதும் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

பயமுறுத்தட்டும். ஆனால் ரோட்டரிக்கான கம்ப்ரஷன் மீட்டர் இல்லாமல் வாங்காதீர்கள். பிஸ்டனுக்குப் பதிலாக அதில் முக்கோண ரோட்டர் சுற்றும், ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண மீட்டர் மூன்றில் உயர்ந்ததை மட்டும் காட்டி ஏமாற்றும். சூடான என்ஜினை அணைத்துவிட்டு உடனே திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். திணறினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ரோட்டரி கொஞ்சம் ஆயில் குடிக்கும். அது நோய் இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: எண்பதுகளின் கடைசியில் வந்த கார். திடீர் திடீரென்று ஐட்லிங் ஏறி இறங்குகிறது. எல்லா சென்சாரும் மாற்றியாயிற்று.

என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். மீன் வாடை அடித்தால் கபாசிட்டர் ஒழுகியிருக்கிறது. அந்தக் காலகட்டத்துப் பலகைகளில் சகஜம். ஒழுகியது பலகையின் செம்புக் கோடுகளைத் தின்னும் முன் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ஒரிஜினலாக வைப்பதா, தாழ்த்தி, வாட்டனபே (ஜப்பான் அலாய் சக்கர பிராண்ட்) சக்கரம் போட்டு ஆசைப்படி செய்வதா? வீட்டில் இதுதான் சண்டை.

ஜப்பானிலும் இதே சண்டைதான். அங்கே பழைய காரைக் ‘க்யூஷா’ என்கிறார்கள். தரையோடு தாழ்த்தியதற்கு ‘ஷகோட்டான்’ என்று பெயர். இரண்டு கூட்டமும் ஒரே வாகன நிறுத்தத்தில் தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, ஒன்றையொன்று ஓரக்கண்ணால் ரசிக்கும்.

என் கட்சி இது: போல்ட்டில் கழற்றி மாட்டக்கூடிய எதையும் மாற்றுங்கள், கழற்றியதைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வெட்டாதீர்கள். போனெட்டின் இரு பக்கமும் நிற்கும் ஃபெண்டர் கண்ணாடிகளை அசிங்கம் என்று தூக்கி எறிந்தவன் நான். 1983 வரை ஜப்பானில் கதவில் கண்ணாடி வைக்க அனுமதியே இல்லை. அந்தக் காரின் முகமே அதுதான் என்று புரிந்தபோது, அதே ஜோடியைத் தேடி மூன்று வருடம் அலைந்தேன்.

கேள்வி: ஜப்பான் போகிறேன். டைக்கொக்குவுக்குப் போனால் போதுமா?

யோகோஹாமா துறைமுகப் பக்கம், சுற்றிச் சுற்றி இறங்கும் சாய்தளங்களுக்கு நடுவே, கார் பிரியர்கள் கூடும் நெடுஞ்சாலை நிறுத்தம் அது. நடந்து போக முடியாது, காரில்தான். கூட்டம் மிஞ்சினால் போலீஸ் மூடிவிடும், அதனால் ராத்திரியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கார்தான் வேண்டும் என்றால் ஞாயிறு காலை போய்ப் பாருங்கள். நாகக்குத்தேயில் இருக்கும் டொயோட்டா அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். டொயோட்டா மட்டும் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஆச்சரியப்படுவீர்கள்.

அங்கே சாலையில் ஒரு பழைய கார் போனால் மரியாதையாகப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘ஷாக்கென்’ பரிசோதனை, பதின்மூன்று வயது தாண்டிய பெட்ரோல் காருக்குக் கூடுதல் வரி, இவ்வளவையும் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: என் காரில் பாதி பிரைமர், ஒரு கதவு வேறு நிறம். கார் சந்திப்புக்கு வரக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி, உங்கள் காரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். முழுதாக முடிந்த காரைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதி முடிந்த காரின் போனெட்டைத் திறந்து வைத்தால், ஒருவர் குனிந்து, “இந்த கிளிப் தப்பாக மாட்டியிருக்கிறது” என்பார். இன்னொருவர், “அந்தக் கதவு என்னிடம் ஒன்று கிடக்கிறது” என்பார். என் கரோலாவின் கிரில் அப்படி வந்ததுதான்.

அடுத்தவர் காரைத் தொடும் முன் கேளுங்கள். நம்பர் பிளேட் தெரியும் படத்தை உரிமையாளரைக் கேட்காமல் போடாதீர்கள். கிளம்பும்போது வாசலில் டயரைக் கிறீச்சிட வைக்காதீர்கள். ஒருவர் செய்யும் அந்த ஐந்து நொடி வேடிக்கையால் எல்லாருக்கும் இடம் போகும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வரும்போது ஒரு பழைய துணியும், அரை லிட்டர் ஆயிலும், 10 நம்பர் ஸ்பேனரும் எடுத்து வாருங்கள். அந்த 10 நம்பரை யாராவது இரவல் கேட்பார்கள். கொடுத்தால் கண்ணை எடுக்காதீர்கள், அது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.