எலியைக் காப்பாற்றினீர்களா?

கே: 'கிங்ஸ் குவெஸ்ட்' மாதிரியான அந்தக் கால கம்ப்யூட்டர் கேம்கள் மூளைக்கு வேலை கொடுத்தன. இன்றைய பிள்ளைகள் ஆடுவதெல்லாம் சும்மா சுட்டுத் தள்ளுவதுதானே?

ப: பிள்ளைகளை அப்புறம் பார்ப்போம். நீங்கள் அந்த எலியைக் காப்பாற்றினீர்களா, அதைச் சொல்லுங்கள்.

1990-ல் சியரா நிறுவனம் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்தைத்தான் கேட்கிறேன். ரோபர்டா வில்லியம்ஸ் உருவாக்கியது. கட்டளைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த தொடர், மவுஸ் கிளிக்குக்கு மாறியது இதில்தான். மந்திரவாதி மோர்டாக் கோட்டையோடு குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போய்விட, கிரஹாம் மன்னர் ஒரு ஆந்தையோடு தேடிக் கிளம்புகிறார். வழியில் பேக்கரி வாசலில் ஒரு பூனை எலியைத் துரத்தும். சில நொடிதான். கையிலிருக்கும் பழைய ஷூவைப் பூனைமேல் வீசினால் எலி பிழைக்கும். வேடிக்கை பார்த்து நின்றால் போச்சு, அந்தக் காட்சி மறுபடி வராது. வெகுநேரம் கழித்து, விடுதியில் மன்னரைக் கட்டி நிலவறையில் போடுவார்கள். கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலிதான் வர வேண்டும். வராவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி.

சுடும் கேமில் செத்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். இங்கே எப்போதோ செத்தது எப்போதோ தெரியவருகிறது.

பேக்கரியில் வாங்கிய கஸ்டர்ட் பலகாரமும் அப்படித்தான். பனிமலையில் பசிக்கிறதே என்று அதைத் தின்றுவிட்டால், பின்னால் எதிர்ப்படும் பனிமனிதன் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. இதற்கு எந்த மூளை வேலை செய்யும்? அடிக்கடி சேவ் போட்டு வைக்கிற முன்ஜாக்கிரதைதான் வேலை செய்யும். அதே சியரா விடை சொல்லும் புத்தகத்தையும் விற்றது, துப்புச் சொல்லக் கட்டணத் தொலைபேசியும் வைத்தது. பூட்டும் அவர்களே, சாவியும் அவர்களே.

மூளைக்கு வேலை வேண்டுமா? அதே 1990-ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் கொண்டுவந்த 'லூம்' இருக்கிறது. பிரையன் மோரியார்ட்டி செய்தது. நெசவாளர் குலத்துப் பையன் பாபின், கண்டதையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டுவதில்லை. கையில் நூற்கும் கோல் ஒன்றுதான். நான்கு சுரம் வாசித்தால் ஒரு மந்திரம். திறக்கும் சுரங்களைத் திருப்பி வாசித்தால் மூடும். வைக்கோலைப் பொன்னாக்கும் சுரங்கள், திருப்பினால் பொன்னை வைக்கோலாக்கும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். இரண்டு தடவை வாசித்தால் தானாகப் பொறி தட்டும். தப்பாக வாசித்தால் ஒன்றும் நடக்காது, மறுபடி வாசிக்கலாம். சுலபம், சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று அப்போதே குறை சொன்னார்கள். சொல்லட்டும்.

அதில் ஒரு கடினநிலை உண்டு. எந்தச் சுரம் என்று திரை காட்டாது, காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதை ஆடுங்கள். முதலில் பிடித்தது யார் என்று மறைக்காமல் எனக்கு எழுதுங்கள்.