தொட்டியில் வாட்டர் செஸ்ட்நட்: கேள்வி பதில்

சிங்கப்பூர் ஈரச்சந்தையில் சேறு ஒட்டியபடி குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் கருப்புக் கிழங்கைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள் எல்லாம். பெயரில் கொட்டை இருந்தாலும் இது கோரைக் குடும்பத்துச் செடி.

அக்கா, சந்தையில் வாங்கியதை நட்டால் முளைக்குமா? (ஈசூன்)

தோல் உரிக்காததாக இருந்தால் முளைக்கும். உச்சியில் கூரான மொட்டு உடையாமல் இருக்கிறதா, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டப்பாவில் வருவது வெந்த கிழங்கு, நட்டுப் பயனில்லை.

எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர்? (பிடோக்)

ஓட்டை இல்லாத அகலமான தொட்டி, அதில் 20 முதல் 30 செண்டிமீட்டர் வரை மண்ணும் மக்கிய எருவும். கிழங்கை 5 செண்டிமீட்டர் ஆழத்தில், மொட்டு மேலே பார்க்க ஊன்றுங்கள். ஒரு தொட்டிக்கு ஒன்றோ இரண்டோ போதும், ஓடுதண்டு விட்டுத் தானே பரவிக்கொள்ளும். முதலில் மண் ஈரமாக இருந்தால் போதும். தண்டு ஒரு சாண் உயர்ந்த பிறகு, மண்ணுக்கு மேல் 5 முதல் 10 செண்டிமீட்டர் வரை தண்ணீர் கட்டலாம். நாள் முழுக்க நிழலாக இருக்கும் தாழ்வாரம் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள், நல்ல வெயில் வேண்டும். அப்புறம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நடைபாதைக்கு 1.2 மீட்டர் விட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும்.

அறுவடைக்கு ஆறேழு மாதம் ஆகும். குளிர் நாடுகளில் பனி வந்து தண்டைக் காய வைத்துவிடும். நமக்கு ஏது பனி? நாமேதான் தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிட வேண்டும். தண்டு பழுப்பானதும் கையை விட்டுத் துழாவினால், ஓடுதண்டின் நுனிகளில் கிழங்கு அகப்படும்.

தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு வராதா? (தோ பாயோ)

இந்தச் செடியை வைக்க நினைக்கும் யாரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு வாரம்தான். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து புழுவைப் பார்த்தால், 'செடிக்காக வைத்தேன்' என்பது எடுபடாது. நாலைந்து கப்பி மீன் விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். மீன் இருக்கிறது என்று அசட்டையாக இருக்காமல், தண்டுகளுக்கு நடுவே அடிக்கடி எட்டிப் பாருங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் தண்ணீரை வடித்து, மண்ணை வெறும் ஈரமாக விட்டுப் போங்கள். செடி தாங்கும்.

இலையே வரவில்லை, பச்சைக் குச்சிகள்தான் நிற்கின்றன. நோயா? (ஜூரோங்)

நோய் இல்லை. தண்டுதான் இதற்கு இலையின் வேலையும் செய்கிறது. ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள், படபடவென்று வெடிக்கும். உள்ளே குறுக்குத் தடுப்பு போட்ட காற்றறைகள். சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு மூச்சு அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

ரோஜாத் தொட்டியில் முளைத்துத் தொல்லை தரும் கோரையும் இதுவும் ஒன்றா? (செங்காங்)

ஒரே குடும்பம், குணம் வேறு. உங்களுடையது கோரைக்கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டால் தருவார்கள். தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தெரியும். மேலே மட்டும் பிடுங்கினால் அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் மறுபடி முளைக்கும். மண்ணைக் கொட்டிச் சலித்தால்தான் விடியும்.

பச்சையாகத் தின்னலாமா? (உட்லண்ட்ஸ்)

கடையில் வாங்கியதை வேண்டாம். குளத்தில் விளைந்த கிழங்கின் தோலில் குடல் தட்டைப்புழுவின் கூடு ஒட்டியிருக்கலாம். பல்லால் கடித்து உரிக்காமல், நன்றாகக் கழுவி, கத்தியால் சீவி, கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். வெந்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும், அதன் செல்சுவர் சூட்டில் பிரிவதில்லை. ஙோ ஹியாங் என்கிற சீன இறைச்சிச் சுருளில் பல்லில் படுவது இதுதான். நான் மிளகும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்வேன், கேரட்டோடு சேர்த்தால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

தங்கச்சி, எங்களுக்குப் பத்தமடைப் பக்கம். இதில் பாய் முடையலாமா? (புக்கிட் பாத்தோக்)

பத்தமடைக் கோரை உள்ளே கெட்டி ஐயா, கிழித்து நூலாக்கலாம். இது வெறும் குழல், கிழித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இந்தோனேசியாவின் தென் கலிமந்தானில் இதன் காட்டு வகையை 'பூருன் தீக்குஸ்' என்பார்கள். தண்டைக் காயவைத்து, இடித்துத் தட்டையாக்கிப் பாய் முடைகிறார்கள். ஒரு தொட்டித் தண்டில் பாய் வராது, தம்ளர் வைக்கிற தட்டு வேண்டுமானால் முடைந்து பாருங்கள்.

செலவுக்குக் கட்டுப்படியாகுமா? (பொங்கோல்)

ஆகாது. தொட்டிக்கும் எருவுக்கும் போடுகிற வெள்ளிக்குச் சந்தையில் பை பையாக வாங்கலாம். ஆனால் தோண்டிய அன்றைக்கே வேகவைத்தால் இருக்கும் இனிப்பு கடைக் கிழங்கில் இல்லை. நாலு பெரிய கிழங்கை மட்டும் சமைக்காமல் ஈர மணலில் போட்டு வையுங்கள், அடுத்த நடவுக்கு ஆகும்.