கொல்லிமலை சரிப்படுமா?

கேள்வி: மே மாதம் பிள்ளைகள், மாமியாரோடு மலையில் தங்கப் போகிறோம். ஊட்டிக் கூட்டத்தை நினைத்தாலே பயம். கொல்லிமலை சரிப்படுமா? (வாசகி, கரூர்)

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள், பகலில் வெயில் இருக்கும், ராத்திரிக்குப் போர்வை போதும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு, அதனால் பிள்ளைகளுக்கு வயிறுமுட்ட இட்லி கொடுத்து ஏற்றாமல், எலுமிச்சம்பழமும் ரெண்டு பாலித்தீன் பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்மேட்டுப் பக்கம் அறை எடுத்தால் சாப்பாடு, பஸ் இரண்டுக்கும் வசதி. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல், இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். மாமியாரை மேலேயே அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார வையுங்கள். கோடையில் தண்ணீரும் குறைவுதான். அப்புறம், சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் வாங்காமல் திரும்பாதீர்கள்.